பொருளின் பண்பும் துண்டத்தின் பண்பும்: நானோ அளவில் வெப்பக் கடத்தலும் ஃபோனான் இயக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

வெப்பக் கடத்துதிறன் ஒவ்வொரு பொருளுக்கும் உரிய மாறா எண் என்பது வெப்ப இயற்பியலின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. நானோமீட்டர் அளவில் இக்கருத்து தளர்கிறது. ஒரே சிலிக்கான், இழையாகவும் ஏடாகவும் பெரும் படிகமாகவும் அமையும்போது வெவ்வேறு கடத்துதிறன்களைக் காட்டுகிறது. ஃபோரியர் விதியின் உள்ளார்ந்த கட்டுப்பாடுகள், ஃபோனான்களின் சராசரி மோதலிடைத் தூரம், எல்லைச் சிதறல், இடைமுகத் தடை, வெப்பக் கடத்தத்தின் குவாண்டம் எல்லை ஆகியவற்றின் வழியாக இம்மாற்றத்தின் காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. சிலிக்கான் நானோ இழைகளின் அளவீடுகளை எளிய கணக்கீட்டோடு ஒப்பிட்டு, ஒற்றைச் சராசரி எண் எங்கே பிழைபடுகிறது என்பதையும் காட்டுகிறது. இத்துறையைத் தமிழில் எழுதும்போது ‘பொருள்’, ‘ஒலியன்’, ‘கடத்துதிறன்’ ஆகிய சொற்களால் எழும் சிக்கல்களும் இறுதியில் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வெப்பக் கடத்துதிறன், ஃபோனான், சராசரி மோதலிடைத் தூரம், எல்லைச் சிதறல், நானோ இழை, இடைமுகத் தடை, கலைச்சொல்லாக்கம்.

1. முன்னுரை

அறை வெப்பநிலையில் தாமிரத்தின் வெப்பக் கடத்துதிறன் ஏறத்தாழ 400. சிலிக்கான் படிகத்தின் கடத்துதிறன் 148. சிலிக்கா கண்ணாடியின் கடத்துதிறன் 1.4. (இக்கட்டுரையில் கடத்துதிறன் எண்கள் அனைத்தும் ஒரு மீட்டருக்கு, ஒரு கெல்வினுக்கு இத்தனை வாட் என்னும் அலகில் அமைந்தவை, அறை வெப்பநிலை என்பது 300 கெல்வின்.) பொறியியல் அட்டவணைகளில் இவ்வெண்கள் பொருளின் பெயருக்கு எதிரே அச்சிடப்படுகின்றன. பொருளின் தடிமனோ நீளமோ அங்கே குறிக்கப்படுவதில்லை. குறிக்க வேண்டிய தேவை இல்லை என்பதே அட்டவணையின் அடிப்படை. கம்பி நீண்டால் அதன் வழியே செல்லும் வெப்பம் குறையும். ஆனால் கடத்துதிறன் மாறாது.

22 நானோமீட்டர் விட்டமுள்ள சிலிக்கான் இழையில் அறை வெப்பநிலையில் அளந்தறியப்பட்ட கடத்துதிறன் 10க்கும் குறைவு. வேதியியல் நோக்கில் அதுவும் சிலிக்கானே. அணுக்களின் படிக ஒழுங்கும் அதுவே. எனினும் எண் பதினைந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. அவ்வாறாயின், கடத்துதிறன் சிலிக்கான் என்னும் பொருளின் பண்பா, அப்பொருளால் ஆன குறிப்பிட்ட துண்டத்தின் பண்பா என்ற வினா எழுகிறது. இவ்வினாவுக்கான விடையே நானோ அளவு வெப்பவியலின் மையம். இக்கட்டுரை ‘பொருள்’ என்னும் சொல்லைச் சிலிக்கான், தாமிரம் போன்ற மூலப்பொருளுக்கும், ‘துண்டம்’ என்னும் சொல்லைக் குறிப்பிட்ட அளவும் வடிவும் எல்லையும் உடைய உருவுக்கும் ஆள்கிறது.

2. ஃபோரியர் விதியும் அதன் உள்ளார்ந்த கட்டுப்பாடுகளும்

பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜோசப் ஃபோரியர் 1822இல் வெளியிட்ட வெப்பம் பற்றிய பகுப்பாய்வு நூலில், ஓரிடத்தில் ஓரலகுப் பரப்பின் வழியே ஓரலகு நேரத்தில் செல்லும் வெப்பம் அவ்விடத்து வெப்பநிலைச் சரிவுக்கு நேர்விகிதத்தில் அமையும் என்று நிறுவினார். அந்த விகிதத்தின் மாறிலியே கடத்துதிறன். வெப்பம் என்பது ஒரு நீர்மமா, துகள்களின் இயக்கமா என்ற அக்கால விவாதத்தில் எப்பக்கமும் சாராமலேயே அவர் இவ்விதியை அமைத்தார். விதியின் வலிமை அதிலேயே இருந்தது. வெப்பத்தைச் சுமப்பது எது என்று கேட்காமல் வெப்பப் பரவலைக் கணக்கிட அது வழிவகுத்தது.

அவ்வாறு கேட்காமல் விட்டதால் இரண்டு கட்டுப்பாடுகள் விதிக்குள் மறைந்து நின்றன. ஒன்று, ஓரிடத்தின் வெப்ப ஓட்டம் அதே இடத்தின் வெப்பநிலைச் சரிவால் மட்டுமே முடிவாகும் என்பது. மற்றொன்று, துண்டத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வெப்பநிலை உண்டு என்பது. வெப்பநிலை என்பது ஒரு தனித் துகளின் பண்பன்று. வெப்பத்தைச் சுமக்கும் துகள்கள் பல முறை மோதி, தம் ஆற்றலைப் பகிர்ந்துகொண்டு சமநிலையை அணுகும்போதே அவ்விடத்துக்கு வெப்பநிலை உண்டு என்று கூற முடியும். இரு கட்டுப்பாடுகளும் ஒரே நிபந்தனையில் அடங்கும்: சுமக்கும் துகள் இரு மோதல்களுக்கு இடையே கடக்கும் தூரம், துண்டத்தின் அளவை விட மிகச் சிறியதாக இருத்தல் வேண்டும்.

3. ஃபோனான் என்னும் கருத்து

உலோகங்களில் வெப்பத்தைப் பெரும்பாலும் எலக்ட்ரான்கள் சுமக்கின்றன. மின்காப்பிகளிலும் குறைக்கடத்திகளிலும் அப்பணியை அணுக்களின் அதிர்வுகள் ஏற்கின்றன. 1907இல் ஐன்ஸ்டீன் திண்மத்தின் அணுக்களைத் தனித்தனியே அதிர்வனவாகக் கொண்டு தன் வெப்ப ஏற்புத்திறனை விளக்கினார். 1912இல் பீட்டர் டிபை அவ்வதிர்வுகளைப் படிகம் முழுவதும் பரவும் அலைகளாகக் கொண்டு அவ்விளக்கத்தைத் திருத்தினார். அணிக்கோவை அலையின் ஆற்றல் குவாண்டம் சிப்பங்களாகவே கூடவும் குறையவும் இயலும். 1930களின் தொடக்கத்தில் சோவியத் இயற்பியலாளர் இகோர் டாம் இச்சிப்பம் பற்றிய கருத்தை முன்வைத்தார். அதற்கு ‘ஃபோனான்’ என்னும் பெயரை வழங்கியவர் யாக்கோவ் ஃபிரெங்கெல்.

அணுக்களை இணைக்கும் விசை முற்றிலும் சீரிசை விசையாக இருந்தால் ஃபோனான்கள் ஒன்றையொன்று பாதிக்காமல் கடந்து செல்லும். அத்தகைய ஒற்றைப் பரிமாணச் சங்கிலியை ரைடர், லெபோவிட்ஸ், லீப் ஆகியோர் 1967இல் ஆராய்ந்தனர். அதன் உட்பகுதியில் வெப்பநிலைச் சரிவே தோன்றவில்லை. சங்கிலி நீண்டாலும் வெப்ப ஓட்டம் குறையவில்லை. ஃபோரியர் விதி அங்கே பொருந்தவில்லை. எனவே அவ்விதி நிலைபெறுவதற்கே மோதல் தேவை.

மோதலுக்குக் காரணம் அணு விசையின் சீரிசையற்ற பகுதி என்பதை டிபை 1914இல் சுட்டினார். 1929இல் ருடால்ஃப் பையெர்ல்ஸ் அம்மோதல்களை இருவகையாகப் பிரித்தார். முதல்வகையில் இரு ஃபோனான்கள் இணைந்து மூன்றாவது ஒன்று பிறக்கும்போது மொத்தப் படிக உந்தம் மாறாமல் நிற்கும். இம்மோதல் மட்டும் நிகழ்ந்தால் வெப்ப ஓட்டம் தளராது. இரண்டாம் வகையில் உந்தத்தின் ஒரு பகுதியைப் படிக அணிக்கோவை முழுமையாக ஏற்றுக்கொள்கிறது. பிறக்கும் ஃபோனான் எதிர்த்திசையில் திரும்பவும் கூடும். புரட்டிப்போடுதல் என்னும் பொருள்தரும் செருமானியச் சொல்லால் இது உம்கிளாப் நிகழ்வு எனப்படுகிறது. தூய படிகத்தின் உள்ளே வெப்பத் தடையைத் தோற்றுவிப்பது இந்நிகழ்வே. வெப்பநிலை உயர உயர ஃபோனான்களின் எண்ணிக்கை பெருகும், மோதல்கள் மிகும், கடத்துதிறன் குறையும். மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் உம்கிளாப் நிகழ்வு ஏறத்தாழ நின்றுவிடுகிறது. அப்போது ஃபோனானைத் தடுக்க எஞ்சுவன படிகக் குறைகளும் துண்டத்தின் எல்லையுமே.

4. எல்லைச் சிதறல்: மில்லிமீட்டரிலிருந்து நானோமீட்டருக்கு

துண்டத்தின் அளவு கடத்துதிறனை மாற்றும் என்பது நானோ தொழில்நுட்பம் கண்டறிந்த செய்தியன்று. 1930களில் லைடன் நகர ஆய்வகத்தில் டே ஹாஸ், பியர்மாஸ் ஆகியோர் சில கெல்வின் வெப்பநிலையில் மில்லிமீட்டர் அளவுப் படிகங்களை ஆராய்ந்தபோது, கடத்துதிறன் படிகத்தின் தடிமனைச் சார்ந்து மாறுவதைக் கண்டனர். 1938இல் ஹென்ட்ரிக் காசிமிர் இதற்கு விளக்கம் தந்தார். எல்லையை அடையும் ஃபோனான் அங்கே உள்வாங்கப்பட்டு, எல்லாத் திசைகளிலும் மீண்டும் உமிழப்படுவதாகக் கொண்டால், உருளை வடிவத் துண்டத்தில் சராசரி மோதலிடைத் தூரம் உருளையின் விட்டத்துக்குச் சமமாகிறது. கடத்துதிறன் என்னும் எண்ணுக்குள் துண்டத்தின் விட்டம் நுழைந்துவிட்டது.

காசிமிருக்குக் கடுங்குளிர் தேவைப்பட்டது. அறை வெப்பநிலையில் மோதலிடைத் தூரம் மிகக் குறுகியது. மில்லிமீட்டர் துண்டத்தின் எல்லையை ஃபோனான்கள் உணர்வதில்லை. துண்டத்தையே நானோமீட்டருக்குச் சுருக்கினால் அதே நிலை அறை வெப்பநிலையிலேயே எழும். 2003இல் டெயூ லி, அருண் மஜும்தார் முதலானோர் 22, 37, 56, 115 நானோமீட்டர் விட்டமுள்ள ஒற்றைச் சிலிக்கான் இழைகளை நுண்கருவியில் தொங்கவிட்டு அளந்தனர். விட்டம் குறையக் குறையக் கடத்துதிறன் ஒழுங்காகக் குறைந்தது. அறை வெப்பநிலையில் 115 நானோமீட்டர் இழைக்கு அது ஏறத்தாழ 40. 22 நானோமீட்டர் இழைக்கு 10க்கும் குறைவு.

5. ஒற்றைச் சராசரியின் பிழை

இவ்வளவீடுகளை எளிய கணக்கோடு ஒப்பிடுதல் பயன் தரும். வளிமங்களின் இயக்கவியற் கொள்கைப்படி கடத்துதிறன் என்பது, ஓரலகுப் பருமனின் வெப்ப ஏற்புத்திறன், துகளின் வேகம், மோதலிடைத் தூரம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனில் மூன்றில் ஒரு பங்கு. சிலிக்கானின் வெப்ப ஏற்புத்திறனை ஒரு கன மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு 16.6 இலட்சம் ஜூல் எனவும், ஒலியின் வேகத்தை நொடிக்கு 6400 மீட்டர் எனவும் கொண்டால், 148 என்னும் கடத்துதிறனுக்கு உரிய மோதலிடைத் தூரம் ஏறத்தாழ 42 நானோமீட்டர்.

எல்லைச் சிதறலையும் உட்சிதறலையும் கூட்டும்போது இரு தூரங்களின் தலைகீழிகளும் கூடும். அவ்வாறு கணக்கிட்டால் 115 நானோமீட்டர் இழையின் கடத்துதிறன் ஏறத்தாழ 108 எனவும், 22 நானோமீட்டர் இழையின் கடத்துதிறன் 51 எனவும் கிடைக்கும். அளந்தறிந்த எண்களோ 40, 10க்கும் குறைவு என்பன. முதல் இழையில் கணக்கு இரண்டரை மடங்கும், இரண்டாம் இழையில் ஐந்து மடங்குக்கு மேலும் பிழைபடுகிறது.

பிழைக்குக் காரணம் எல்லா ஃபோனான்களையும் ஒரே தன்மையனவாகக் கொண்டதே. ஒளிசார் ஃபோனான்கள் வெப்பத்தைத் தேக்கிவைப்பதில் பங்கு கொள்கின்றன. ஆனால் மிக மெதுவாக நகர்வதால் அதைச் சுமந்து செல்வதில்லை. அவற்றையும் சேர்த்துச் சராசரி காணும்போது தூரம் செயற்கையாகக் குறுகிவிடுகிறது. 1999இல் ஜூ, குட்சன் ஆகியோர் மெல்லிய சிலிக்கான் ஏடுகளை ஆராய்ந்து, உண்மையில் வெப்பத்தைச் சுமக்கும் ஃபோனான்களின் மோதலிடைத் தூரம் ஏறத்தாழ 300 நானோமீட்டர் என மதிப்பிட்டனர். இவ்வெண்ணை முந்திய கணக்கில் இட்டால் 115 நானோமீட்டர் இழைக்கு 41, 22 நானோமீட்டர் இழைக்கு 10 எனக் கிடைக்கிறது. அளவீட்டோடு இது நெருங்கிப் பொருந்துகிறது.

300 என்பதும் ஒரு சராசரியே. பின்வந்த முதற்கோட்பாட்டுக் கணக்கீடுகள், சிலிக்கானில் மோதலிடைத் தூரங்கள் சில நானோமீட்டரிலிருந்து பத்து மைக்ரோமீட்டருக்கு மேல் வரை பரவியிருப்பதையும், அறை வெப்பநிலையில் ஏறத்தாழ பாதி வெப்பத்தை ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டியும் அதற்கு மேலும் செல்லும் ஃபோனான்களே சுமப்பதையும் காட்டின. 2013இல் ஜெரமி ஜான்சன் முதலானோர் சிலிக்கான் சவ்வில் ஒளிக்கீற்று வரிசையால் வெப்ப அலையை உண்டாக்கி, மைக்ரோமீட்டர் தூரங்களிலேயே வெப்பப் பரவல் ஃபோரியர் கணிப்பிலிருந்து விலகுவதை அறை வெப்பநிலையில் நேரடியாக அளந்தனர். ஃபோரியர் விதி தளரும் எல்லை, முதற்கணக்கு காட்டிய 42 நானோமீட்டருக்கு வெகு முன்பே தொடங்குகிறது என்பது இதனால் உறுதியாகிறது.

6. இடைமுகத் தடை

எல்லை என்பது துண்டத்தின் புறமேற்பரப்பு மட்டுமன்று. இரு பொருள்கள் ஒன்றையொன்று தொடும் இடைமுகமும் எல்லையே. 1941இல் பியோத்தர் கபிட்சா, திண்மத்துக்கும் நீர்ம ஹீலியத்துக்கும் இடையே வெப்பநிலை தொடர்ச்சியின்றித் தாவுவதை அளந்தார். இருபுறமும் அதிர்வுகளின் வேகமும் அடர்த்தியும் வேறுபடுவதால், எல்லையை அடையும் ஃபோனான்களில் ஒரு பகுதியே மறுபுறம் செல்கிறது. இத்தடை கபிட்சா தடை எனப்படுகிறது.

திண்ம இடைமுகங்களில் அறை வெப்பநிலையில் காணப்படும் கடத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு 10 கோடி வாட் என்ற அளவை ஒட்டியது எனக் கொள்ளலாம். இது 14 நானோமீட்டர் சிலிக்கா கண்ணாடியின் தடைக்கும், ஏறத்தாழ 1.5 மைக்ரோமீட்டர் சிலிக்கானின் தடைக்கும் சமம். சில அணு அடுக்குகளே கொண்ட ஒரு சந்திப்பு, ஆயிரக்கணக்கான அணு அடுக்குகள் கொண்ட படிகத்துக்கு நிகராக வெப்பத்தைத் தடுக்கிறது.

இடைமுகங்கள் பல அடுக்கப்படும்போது தடைகளும் கூடும் என்பது எளிய எதிர்பார்ப்பு. 2012இல் லக்கியனோவா, காங் சென் முதலானோர் காலியம் ஆர்சனைடும் அலுமினியம் ஆர்சனைடும் மாறிமாறி அடுக்கிய மீயணிக்கோவைகளை ஆராய்ந்தபோது வேறொன்றைக் கண்டனர். 30 முதல் 150 கெல்வின் வரையிலான வெப்பநிலையில், அடுக்குகளின் எண்ணிக்கை கூடக் கூடக் கடத்துதிறனும் நேர்விகிதத்தில் கூடியது. நீண்ட அலைநீளமுள்ள ஃபோனான்கள் தனித்தனி இடைமுகங்களைப் பொருட்படுத்தாமல், முழு அடுக்கையும் ஒரே படிகமாகக் கொண்டு கடந்துள்ளன. துகளாகக் கருதி எண்ணினால் தடையாகத் தோன்றும் இடைமுகம், அலையாகக் கருதும்போது வழியாகிறது.

7. கிராஃபீன்: சூழலால் மாறும் எண்

2008இல் பலாண்டின் முதலானோர் தொங்கவிடப்பட்ட கிராஃபீன் ஏட்டை ராமன் நிறமாலை முறையில் ஆராய்ந்து, அறை வெப்பநிலையில் அதன் கடத்துதிறன் ஏறத்தாழ 5000 என அறிவித்தனர். இது தாமிரத்தினும் பன்னிரு மடங்கு மிகுதி. பிறர் செய்த அளவீடுகள் பலவற்றில் இதனினும் குறைந்த எண்களே கிடைத்தன. 2010இல் சியோல் முதலானோர் கிராஃபீனைச் சிலிக்கா மீது கிடத்தி அளந்தபோது கிடைத்த எண் ஏறத்தாழ 600. ஏட்டின் தளத்துக்குச் செங்குத்தாக அணுக்கள் அசையும் வளைவு அதிர்வுகள் வெப்பத்தின் பெரும்பங்கைச் சுமக்கின்றன. அடித்தளம் அவ்வசைவை ஒடுக்கிவிடுகிறது. 2014இல் தொங்கும் கிராஃபீன் ஏடுகளில் நடந்த மற்றோர் ஆய்வு, ஏடு 9 மைக்ரோமீட்டர் வரை நீண்டபோதும் கடத்துதிறன் மடக்கை விகிதத்தில் கூடிக்கொண்டே செல்வதைக் காட்டியது. எனவே நீளத்தையும் அடித்தளத்தையும் குறிப்பிடாமல் கிராஃபீனின் கடத்துதிறன் இவ்வளவு என்று கூறும் கூற்று முழுமை பெறாது.

8. குவாண்டம் எல்லை

துண்டம் மேலும் சுருங்கி, வெப்பநிலையும் மிகத் தாழ்ந்தால், ஃபோனான்கள் செல்ல ஒரு சில அதிர்வுப் பாங்குகளே எஞ்சும். அந்நிலையில் ஒவ்வொரு பாங்கும் கடத்தக்கூடிய வெப்பத்துக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. போல்ட்ஸ்மான் மாறிலி, பிளாங்க் மாறிலி, வெப்பநிலை ஆகிய மூன்றால் மட்டுமே அது முடிவாகிறது. ஒரு கெல்வின் வெப்பநிலையில் அதன் மதிப்பு, ஒரு கெல்வின் வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 0.95 பிக்கோவாட். 2000இல் ஷ்வாப், ஹென்ரிக்சன், வொர்லாக், ரவுக்ஸ் ஆகியோர் சிலிக்கான் நைட்ரைடு நுண்பாலங்களில் ஏறத்தாழ 0.8 கெல்வினுக்குக் கீழே இவ்வரம்பை அளந்தறிந்தனர்.

இவ்வரம்பின் கணக்கில் பொருளின் பெயரே இடம்பெறவில்லை. அணுவின் எடையும் ஒலியின் வேகமும் விசையின் வலிமையும் நீங்கிவிடுகின்றன. பொருளுக்கு மட்டுமே உரியது எனக் கருதப்பட்ட பண்பு, நானோ அளவில் பொருளும் துண்டமும் சேர்ந்து தீர்மானிப்பதாக மாறி, இறுதி எல்லையில் பொருளை முற்றிலும் விட்டு நீங்குகிறது.

9. இரு எதிர்த் தேவைகள்

இம்மாற்றத்தின் நடைமுறை விளைவுகள் இரு எதிர்த்திசைகளில் அமைகின்றன. கணினிச் சில்லில் டிரான்சிஸ்டர் தோற்றுவிக்கும் வெப்பம் விரைந்து வெளியேற வேண்டும். அவ்வெப்பம் சில பத்து நானோமீட்டர் பரப்பில் பிறக்கிறது. அதைச் சூழ்ந்த சிலிக்கானும் மெல்லிய ஏடாகவே அமைகிறது. 20 நானோமீட்டர் ஏட்டின் கடத்துதிறன் ஏறத்தாழ 22 என 2004இல் அளக்கப்பட்டது. அட்டவணையின் 148 என்னும் எண்ணைக் கொண்டு கணக்கிடும் வடிவமைப்பாளர், உண்மையில் எழும் வெப்பநிலையைக் குறைத்தே மதிப்பிடுவார். வெப்பமூலத்தின் அளவு மோதலிடைத் தூரத்தினும் சிறியதாகும்போது வெப்பம் வெளியேறுவது மேலும் தளர்கிறது. ஆயினும், நெருங்கி அமைந்த வெப்பமூலங்கள் தனித்து நிற்பவற்றினும் திறம்படக் குளிர்வதை 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அருகருகே உள்ள மூலங்களிலிருந்து வரும் ஃபோனான்கள் ஒன்றோடொன்று மோத வாய்ப்புப் பெறுவதே இதற்குக் காரணம் என அவ்வாய்வு விளக்கியது.

வெப்பத்தை மின்னாற்றலாக மாற்றும் வெப்பமின் பொருள்களுக்கு இதற்கு நேர்மாறான தேவை உண்டு. அங்கே மின்சாரம் எளிதில் செல்ல வேண்டும். வெப்பம் தடைபட வேண்டும். பெரும் படிகச் சிலிக்கானின் வெப்பமின் தகுதி எண் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 0.01 மட்டுமே. 2008இல் ஹோக்பாம் முதலானோர் சொரசொரப்பான மேற்பரப்புடைய, ஏறத்தாழ 50 நானோமீட்டர் விட்டமுள்ள சிலிக்கான் இழைகளில் அதை 0.6 வரை உயர்த்தினர். மாசேற்றப்பட்ட சிலிக்கானில் எலக்ட்ரான்களின் மோதலிடைத் தூரம் ஃபோனான்களுடையதை விட மிகக் குறுகியது. ஆதலால் இழையின் எல்லை ஃபோனானைத் தடுத்து, எலக்ட்ரானைப் பெரிதும் தடுக்காமல் விடுகிறது. அவ்விழைகளின் வெப்பக் கடத்துதிறன், படிக ஒழுங்கே அற்ற சிலிக்கானின் அளவை நெருங்கியது. காசிமிர் வரம்பினும் கீழே செல்லும் இவ்வெண்ணுக்குச் சொரசொரப்பின் பங்கு எத்தகையது என்பது தொடர்ந்து ஆராயப்பட்டு வருகிறது.

10. கலைச்சொல் நோக்கு

இத்துறையைத் தமிழில் எடுத்துரைக்கையில் மூன்று சொற்கள் கவனத்துக்கு உரியன. முதலாவது ‘பொருள்’. சிலிக்கானும் பொருள், சிலிக்கான் இழையும் பொருள். அன்றாட அளவில் இவ்விரு பயன்பாடும் ஒரே சொல்லில் அடங்குவதால் தீங்கில்லை. கடத்துதிறன் இரண்டிலும் ஒன்றே. நானோ அளவிலோ இவ்விரண்டும் பிரிகின்றன. பிரிவைக் காட்டும் சொல் இல்லையேல் ‘பொருளின் பண்பு’ என்னும் தொடரே பொருள்மயக்கம் தரும். துண்டம், உரு போன்ற ஒரு சொல்லை வரையறுத்து ஆளுதல் இதனைத் தவிர்க்கும்.

இரண்டாவது, ஃபோனானுக்கு ஈடான சொல். ஒலி என்னும் வேரிலிருந்து ‘ஒலியன்’ என ஆக்குவது இயல்பாகத் தோன்றும். ஆனால் அச்சொல் மொழியியலில் பொருள் வேறுபடுத்தும் ஒலி அலகைக் குறித்து நிலைபெற்றுவிட்டது. மேலும், அறை வெப்பநிலையில் வெப்பத்தைச் சுமக்கும் ஃபோனான்களின் அதிர்வெண் டெராஹெர்ட்ஸ் அளவினது. செவிப்புலனாகும் ஒலியோடு அதற்குத் தொடர்பில்லை. எனவே எலக்ட்ரான், ஃபோட்டான் ஆகியவற்றின் வரிசையில் ‘ஃபோனான்’ என்னும் ஒலிபெயர்ப்பையே கொள்ளுதல் தெளிவு தரும்.

மூன்றாவது, கடத்துதிறன். பொருளுக்குரிய எண்ணைக் ‘கடத்துதிறன்’ எனவும், துண்டத்துக்கோ இடைமுகத்துக்கோ உரிய அளவைக் ‘கடத்தம்’ எனவும் வேறுபடுத்துவது இன்றியமையாதது. நானோ துண்டத்தில் நேரடியாக அளக்கப்படுவது கடத்தமே. கடத்துதிறன் அதிலிருந்து வடிவக் கணக்கால் வருவிக்கப்படுவது. இவ்வேறுபாட்டைச் சொல் மறைத்தால் அளவீட்டையும் விளக்கத்தையும் வாசகர் ஒன்றெனக் கொள்ள நேரும்.

11. முடிவுரை

இதுவரை ஆராய்ந்தவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன:

• ஃபோரியர் விதி, ஃபோனானின் மோதலிடைத் தூரம் துண்டத்தின் அளவினும் மிகச் சிறியதாக உள்ளவரை மட்டுமே நிலைபெறும் எல்லை விதியாகும்.

• சிலிக்கானில் ஒற்றைச் சராசரித் தூரமாகிய 42 நானோமீட்டரைக் கொண்டு செய்யும் கணக்கு, நானோ இழைகளின் கடத்துதிறனை ஐந்து மடங்கு வரை மிகைப்படுத்துகிறது. வெப்பத்தைச் சுமக்கும் ஃபோனான்களின் தூரப் பரவலைக் கொள்வதே முறை.

• எல்லை, இடைமுகம், நீளம், அடித்தளம் ஆகியன கடத்துதிறனைத் தீர்மானிக்கும் உறுப்புகளாகின்றன. குவாண்டம் எல்லையில் பொருளின் பங்கு முற்றிலும் மறைகிறது.

• சில்லுகளைக் குளிர்விப்பதற்குத் தடையாகும் அதே எல்லைச் சிதறல், வெப்பமின் ஆக்கத்துக்குத் துணையாகிறது.

• இத்துறையின் தமிழ் நூல்கள் பொருள், துண்டம் ஆகியவற்றையும் கடத்துதிறன், கடத்தம் ஆகியவற்றையும் வேறுபடுத்தி ஆளுதல் வேண்டும்.

அட்டவணையில் பொருளின் பெயருக்கு எதிரே உள்ள எண் பொய்யன்று. அது பெருந்துண்டங்களுக்கு உரிய எண். அந்நிபந்தனையை எழுதாமலே அறிவியல் நெடுங்காலம் செயல்பட இயன்றது. இன்றைய கருவிகளின் அளவு அந்நிபந்தனையை எழுதிக் காட்டுமாறு வேண்டுகிறது.